போட்டது போட்டபடி

எங்கே போனாலும் அந்த அக்கா முதலில் வாசலைத்தான் தேடுவாள். கல்யாணப் பந்தியில் கடைசி இலை. கோயில் கொடையில் கூட்டத்துக்கு வெளியே, தெரு திரும்பும் முக்கு. கம்பெனி வேனில் கதவை ஒட்டிய சீட். அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் சண்டை போடமாட்டாள். ஏறாமல் கீழேயே நிற்பாள். உட்கார்ந்தவர் முனகிக்கொண்டே உள்ளே நகர்ந்தபிறகுதான் ஏறுவாள். அதற்குள் நான் இரண்டு தடவை ஆரன் அடித்திருப்பேன்.

"எவளாவது பிடிச்சுத் தள்ளிரப் போறா ஒன்னைய" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள்.

"தள்ளுனா நல்லதுதான. வெளியதான விழுவேன்" என்பாள்.

சிவகாசிக்கு அருகே எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த ஒரு பட்டாசு கம்பெனியின் வேனை நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விடவேண்டும், பகலில் லோடு ஏற்றக் கை கொடுக்கவேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கவேண்டும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கு முன் விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை சுமந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றேன். எந்த வேலையிலும் நான் தங்கியதில்லை. அந்த வேன் வேலையில்தான் கொஞ்சம் அதிகமாகத் தங்கினேன்.

அக்காவுக்குப் புஸ்வாணக் கூட்டில் திரி வைக்கும் வேலை. பட்டாசு அறை எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். சின்ன அறை, நாலு பக்கமும் வாசல், உள்ளே நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த அறை தள்ளி இருக்கும். ஒன்று போனாலும் மற்றது தப்பிக்கட்டும் என்றுதான் இந்த இடைவெளி. மற்றப் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்வார்கள். அக்கா மட்டும் குத்தவைத்துத்தான் உட்காருவாள், அதுவும் வாசலைப் பார்த்து. நாள் முழுவதும் அப்படியே இருப்பாள். சம்மணம் போட்டவள் எழுந்திருக்க ஒரு கையை ஊன்ற வேண்டும், குத்தவைத்தவளுக்கு அது வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. தூக்குவாளி, செருப்பு, செல்போன் எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் கிடக்கும். உள்ளே அவளுடையது என்று ஒரு பொருளும் இருக்காது. இருந்தால் எடுக்கத் தோன்றும் அல்லவா.

நெடி கொஞ்சம் மாறினால் போதும், ஓடிவிடுவாள். ஓடும்போது ஒன்றே ஒன்றுதான் கத்துவாள்: "போட்டது போட்டபடி!" வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்களுக்கும் அவள் சொல்வது இது ஒன்றுதான். பாதி வேலை கையில் இருந்தாலும், தாலிச் சங்கிலி கீழே கிடந்தாலும், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே போகவேண்டும். வெளியே வந்தபிறகு எதற்காகவும் திரும்பக் கூடாது. அணைக்கவும் போகக் கூடாது. உள்ளே உள்ள சரக்கு எரிந்து தீர்ந்தால் தானாக அணைந்துவிடும். பட்டாசில் இது அவள் மட்டும் வைத்திருந்த சட்டம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை அப்படியே செய்தவள் அவள் ஒருத்திதான்.

பல தடவை ஒன்றும் இல்லாததற்கு ஓடியிருக்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடுவே பலூன் ஒன்று வெடித்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்வதற்குள் அக்கா தெருமுனையில் நின்றாள். மறுநாள் வேனில் அதே பேச்சு.

"யக்கா, பாயசத்தையாவது கையில எடுத்துக்கிட்டு ஓடியிருக்கலாம்ல?"

"உசுரு இருந்தா இன்னொரு கல்யாணத்துல குடிச்சுக்கிருவேன் போங்களேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நெனச்சாகளோ. சாப்பாடு அம்புட்டு மோசமான்னு நெனச்சிருப்பாக."

அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை அவள் முன்னால் பேசமாட்டார்கள். கல்யாணமான புதிதில் அவளும் அவள் வீட்டுக்காரரும் விஸ்வநத்தம் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவள் இருந்த அறையில் தீப் பிடித்தது. அவள் பின்வாசல் வழியாக ஓடி, காட்டுக்குள் ஒரு வேலமரத்தடியில் போய் நின்றாள். அவர் தள்ளி இருந்த அறையிலிருந்து தப்பி வெளியே வந்தார். வந்தவர் கூட்டத்தில் அவளைத் தேடினார். காணவில்லை. நனைந்த சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனார். அவள் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாளாம், சத்தம் எட்டவில்லை.

நான் அந்த வேலைக்குப் போன இரண்டாவது மழைக்காலத்தில், ஒருநாள் காலையில், அக்கா வேனில் ஏறும்போது கம்பியை விரல்களால் பிடிக்காமல் முழங்கையைக் கோத்து ஏறினாள். கண்ணாடியில் பார்த்தேன். விரல் கணுக்கள் கடலை நெத்து மாதிரி புடைத்திருந்தன.

"என்னக்கா கை?"

"சிக்கன்குனியா மிச்சம்லே. ஓடுற வண்டியப் பாரு."

அப்புறம் மணிக்கட்டு வீங்கியது, இரண்டு கையிலும் ஒன்றுபோல. ஊரில் ஊசி போடுகிறவரிடம் போனால் சில நாட்கள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி வரும். தெருவில் ஒவ்வொருத்தரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். அக்கா எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ள ஏதோ பிடிச்சு எரியுது. எரிஞ்சு முடியட்டும், தானா அணையும்" என்றாள். வலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, கை இளகும்வரை வெயிலில் நிற்பாள்.

பிறகு ஒருநாள் லோடு ஏற்றுவதற்காக அவள் அறைப்பக்கம் போனேன். அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. மற்றப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். முழங்கால் சேலைக்குள் உருண்டையாகத் தெரிந்தது.

வேனுக்கு எஃப்.சி. எடுக்க விருதுநகர் போகவேண்டியிருந்தது. "வாங்கக்கா, அங்கன ஒரு டாக்டரம்மா மூட்டுக்கு மட்டுமே பாக்குறாகளாம்" என்று கூப்பிட்டேன். மறுத்தாள். மாரீஸ்வரிதான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மாரீஸ்வரி அவள் அறையில் வேலை பார்க்கும் சின்னப்பெண். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

விருதுநகர் பஜாருக்குள் வண்டி நுழைந்ததும் அக்கா கதவில் கையை வைத்துவிட்டாள். "இங்கன என்னலே நெடி?"

"வத்தல் நெடிக்கா. கிட்டங்கியில கொட்டியிருக்காக."

"நெசமாவா?"

"நான் சுமந்த மூட்டைக்கா. எனக்குத் தெரியாதா?"

தும்மிக்கொண்டே வந்தாள். கையைக் கதவிலிருந்து எடுக்கவே இல்லை.

டாக்டரம்மா இளவயதுதான். விரல்களை ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார்.

"காலையில எந்திரிச்சதும் விரல் மடங்குதா?"

"மடங்காதும்மா. வேன் வரதுக்குள்ள கொஞ்சம் இளகிரும்."

ரத்தம் எடுக்கச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார். எல்லாம் வந்தபிறகு எங்களை மறுபடி கூப்பிட்டார். இது சிக்கன்குனியா இல்லை, முடக்குவாதம் என்றார். உடம்பைக் காக்க வேண்டியதே மூட்டைத் தாக்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"என்ன வேலைம்மா உங்களுக்கு?"

"பட்டாசுலம்மா."

"அப்ப உங்களுக்கு லேசாப் புரியும். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையா இருக்குன்னு வச்சுக்கங்க. செல்லுன்னு சொல்லுவோம். தினமும் நெறைய சாகும். பெரும்பாலும் சத்தமில்லாம சாகும். தன்னைத் தானே பொட்டலம் கட்டிக்கும், பக்கத்துல இருக்கறது வந்து எடுத்துட்டுப் போயிரும். நமக்குத் தெரியவே தெரியாது. ஆனா சிலது அப்படிச் சாகாது. உப்பி, வெடிச்சு, உள்ள இருக்கற எல்லாத்தையும் வெளிய கொட்டிரும். கொட்டுனது பக்கத்து அறையிலயும் பத்திக்கும். உங்க மூட்டுக்குள்ள அதுதான் நடக்குது."

அக்கா யோசித்தாள். "எடைவெளி விட்டுக் கட்டலியாம்மா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இல்லம்மா. ஒட்டி ஒட்டித்தான் கட்டியிருக்கு."

"அப்ப லைசென்ஸே குடுத்திருக்க மாட்டாகளே."

"அதோட முடியல. நெருப்புன்னு தெரிஞ்சதும் ரத்தத்துல இருந்து வேற செல்லுங்க ஓடி வரும். காவலுக்கு இருக்கறது. வந்து பாத்தா அடிக்க வேண்டிய கிருமி எதுவும் இருக்காது. ஆனாலும் வந்தது சும்மா போகாது. அங்கயே அதுவும் வெடிக்கும். அதுல இருந்து கொட்டறதைப் பாத்து இன்னும் கொஞ்சம் ஓடி வரும். அணைக்க வந்ததே விறகாயிரும்."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க வீட்டுக்காரரு மாதிரி" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"விட்டுட்டா எரிஞ்சு தீந்துருமுல்லம்மா? உள்ள சரக்கு எம்புட்டுதான் இருக்கும்?"

"உங்க அறையில வச்சிருக்கற சரக்கு அளவாத்தான இருக்கும்? அது எரிஞ்சா தீந்துரும். இங்க அப்படி இல்ல. உடம்பே லோடு அனுப்பிக்கிட்டே இருக்கு. விட்டா அணையாது, எலும்பை அரிச்சிரும். இதுக்கு ஓடக் கூடாதும்மா. நின்னு அணைக்கணும்."

"அந்த வெடிக்கறத மட்டும் நிப்பாட்ட மாத்திரை இல்லியா?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க கையில குடுக்கற மாதிரி இன்னும் வரல. இப்ப இருக்கறது மொத்தமா வேகத்தைக் குறைக்கற மாத்திரை. வாரத்துல ஒரே நாள்தான் போடணும். தினமும் போட்டுறாதீங்க, ஆபத்து. அப்பப்ப ரத்தம் பாக்கணும். முக்கியமா, வீக்கம் வத்திருச்சுன்னு நீங்களா நிறுத்திறக் கூடாது."

திரும்பி வரும்போது, சாத்தூர் ரோட்டில் அக்கா சொன்னாள்: "கெட்டிக்காரப் பிள்ளைலே. ஆனா பட்டாசுல நின்னதில்ல."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்திரை போட்டாள். திங்கட்கிழமை வயிற்றைப் புரட்டும். வேனில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாள். கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வற்றியது. விரல் மடங்கியது. தை மாதம் முடிவதற்குள் பழையபடி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையே கைதட்டியதாக மாரீஸ்வரி வேனில் எல்லோருக்கும் சொன்னாள். அக்கா வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. "ஏன்க்கா நிப்பாட்டுனீக?" என்று கேட்டேன்.

"அணைஞ்ச எடத்துல போயி எதுக்குலே தண்ணி ஊத்திக்கிட்டு கெடக்கணும்?"

"அந்தம்மா அம்புட்டுத் தூரம் சொன்னாகளேக்கா."

"சொன்னாக. சீசன் ஆரம்பிச்சிருச்சு. திங்கக்கெழம திங்கக்கெழம கொமட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா, நெடி மாறுனா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மூக்கை நம்பித்தான் அந்த அறையில் மூன்று பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்குப் பயந்தோ சோம்பேறித்தனத்திலோ அவள் அதை நிறுத்தவில்லை. பிடித்தது, எரிந்தது, அணைந்தது, இனி அந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது. அவளை அத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்த பழக்கத்தை அப்படியே மூட்டுக்கும் வைத்துவிட்டாள்.

ஆடிக் காற்றோடு மறுபடி வந்தது. இந்தத் தடவை கையோடு நிற்காமல் முழங்காலில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி விருதுநகர் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். முதல் படத்தில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருந்த இடைவெளி இரண்டாவதில் இல்லை. அக்கா அதைத்தான் முதலில் கண்டுபிடித்தாள். "எடைவெளியே போயிருச்சே" என்றாள், மெதுவாக.

"இனி மேற்கொண்டு போகாமப் பாத்துக்கலாம். போனதைத் திருப்ப முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு ஒழுங்காக மாத்திரை போட்டாள். வேலையை மட்டும் விடவில்லை. கால் நீட்டித்தான் உட்கார முடிந்தது. ஆனாலும் வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது மாரீஸ்வரி கை கொடுப்பாள். போர்மேனுக்குத் தெரியாமல் மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள். நானும் வேனில் ஏற ஒரு மரப்பெட்டியைப் படியாகப் போட்டுக்கொடுத்தேன். எல்லோரும் சேர்ந்து அவளைத் தாங்கிக்கொண்டிருந்தோம். அது நல்ல காரியம் என்றே நினைத்தோம்.

தீபாவளிக்கு முந்தைய சீசன் உச்சத்தில் இருந்தபோது, பகலில், காயப்போடும் மேடையில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. உடனே வெள்ளைப் புகை. நான் கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். எப்போதும் முதலில் வருகிறவளைத் தேடினேன். காணவில்லை. மாரீஸ்வரி பாதி தூரம் வந்துவிட்டாள். அவளும் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் மறுபடி உள்ளே ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து நானும் ஓடினேன்.

அக்கா அறையில் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்று விழுந்திருக்க வேண்டும், சேலையில் மண் இருந்தது. பிறகு முயற்சியை விட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். முகத்தில் பயமே இல்லை. எங்களைப் பார்த்ததும்தான் பயம் வந்தது.

"போங்க! ஏன் வந்தீக? போட்டது போட்டபடி போங்கன்னு சொன்னேன்ல!"

"எந்திரிக்கா" என்று மாரீஸ்வரி அவள் கக்கத்தில் கைகொடுத்தாள்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கறவ நீ! போடி!" மடங்காத அந்தக் கையால் மாரீஸ்வரியின் தோளில் அடித்தாள், மறுபடி மறுபடி அடித்தாள். அடித்தது அவளுக்குத்தான் வலித்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இழுத்துக்கொண்டு வந்தோம். அவள் கால்கள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தன.

ஒன்றும் ஆகவில்லை. மேடையில் காய்ந்தது மட்டும் எரிந்து அணைந்தது, வேறு எதிலும் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "யக்கா, நீயே ஓடலைன்னா இது தீ இல்லன்னு தெரிஞ்சுக்கிருவோம் இனிமே" என்று ஒருத்தி சொன்னாள். அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாரீஸ்வரியின் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மரப்பெட்டியில் ஏறி வேனுக்குள் வந்தவள், கதவுப்பக்க சீட்டில் உட்காரவில்லை. மாரீஸ்வரியை அங்கே உட்கார வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் உள்சீட்டில் உட்கார்ந்தாள். வழியில் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"அந்த டாக்டரம்மா சொன்னது இதுதான்லே. நான் உள்ள கெடந்தா நீங்க ஓடி வருவீக. ஒன்னையப் பாத்து இன்னொருத்தன் ஓடி வருவான்."

"ஒண்ணும் ஆகலையேக்கா."

"அன்னைக்கும் நான் வெளியதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

மறுநாள் காலையில் அவள் தெருவில் வண்டியை நிறுத்தி ஆரன் அடித்தேன். வீட்டு வாசலில் நின்றுகொண்டு, போ என்று கையை ஆட்டினாள். நான் இறங்கிப் போனேன். "காய்ச்சலாக்கா?" என்றேன்.

"இல்ல. நாளைக்கு இங்கன நிப்பாட்டாத. ஆரன் அடிக்காத. நின்னு பாத்துக்கிட்டும் இருக்காத, நேரா போயிரு."

"வேலைக்கு வரலியா இனிமே?"

"போலே. பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கு பாரு."

அதன் பிறகு அந்தத் தெருவில் நான் வண்டியை நிறுத்தியதில்லை. வேகத்தைக் குறைப்பேன், அவ்வளவுதான். சில மாதங்களில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டுக் கேரளப் பக்கம் போய்விட்டேன். பிறகு நாமக்கல்லில் லாரி.

போன மாதம் சிவகாசிக்கு அட்டை லோடு வந்தது. இறக்க நேரமாகும் என்றார்கள். பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வீக்கம் இல்லை. விரல்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போட்டால் திங்கட்கிழமை இப்போதும் குமட்டுகிறதாம், குமட்டினால் குமட்டட்டும் என்றாள். எனக்குக் கடையிலிருந்து டீ வாங்கிவரச் சொன்னாள். தன் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கிப் பிடித்துக் குடித்தாள்.

"நீ எதுக்குலே திரும்பி வந்த? போனவன் போக வேண்டியதுதான?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஊர்க்கதை எல்லாம் பேசினோம். பஸ் வரும் நேரம் ஆயிற்று. நான் எழுந்தபோது கேட்டாள்.

"மாரீஸ்வரி இப்பவும் கதவுப் பக்கந்தான ஒக்காருறா?"

அந்த வேனை விட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. மாரீஸ்வரி அங்கே இன்னும் வேலை பார்க்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

"ஆமாக்கா. அங்கனதான் ஒக்காருறா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, போ என்று கையைக் காட்டினாள். தெருமுனை வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் திட்டுவாள்.